உங்களுக்குத் தெரியுமா? கடிகாரக்காரர் ரீல், வயலின்காரர் ராடு

பாஸ் மீன் பிடிக்கும் ரீலை அமெரிக்காவில் முதலில் செய்தவர் ஒரு கடிகாரக்காரர். கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே கடிகாரமும் வெள்ளிச் சாமானும் செய்து பிழைத்த ஜார்ஜ் ஸ்னைடர், 1810-க்கும் 1820-க்கும் இடையில், பல்சக்கரம் வைத்த ரீலைச் செய்தார். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் உள்ளே இருக்கும் உருளை பல சுற்று சுற்றும். அவருக்குப் பின் அதே மாநிலத்தின் ஃபிராங்ஃபர்ட் ஊரில் ரீலுக்குப் பேர் வாங்கிய மீக் சகோதரர்களுக்கும் கடிகாரத் தொழில்தான். சுவீடனின் ஆபு நிறுவனம் 1921-இல் பாக்கெட் கடிகாரம் செய்யத் தொடங்கி, டாக்ஸி மீட்டருக்குப் போய், கடைசியில் ரீலுக்கு வந்து சேர்ந்தது. பிரான்சில் மிட்செல் ரீலைக் கொடுத்த நிறுவனமும் கடிகார உதிரிப் பாகங்களில் வளர்ந்ததே.

ராடு வேறு வீட்டுப் பிள்ளை. 1840-களில் மூங்கிலைப் பிளந்து, சீவி, ஒட்டித் தூண்டில் கோலுக்கு நுனி செய்த சாமுவேல் பிலிப்பி, பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊர்க்காரர். துப்பாக்கி செய்வார், வயலினும் செய்வார்.

அந்தப் பிறவிக் குணம் இன்றும் போகவில்லை. ரீல் பெட்டியைத் திறந்தால் எல்லாம் எண்கள்: பல்சக்கர விகிதம், எடை, எத்தனை மீட்டர் தூண்டில் நரம்பு கொள்ளும் என்பதுவரை. ராடின்மேல் எழுதியிருப்பதோ பெரும்பாலும் பெயரடைகள்: மீடியம், ஹெவி, ஃபாஸ்ட். கடைச் சரக்கை விட்டுவிட்டுத் தன் ராடைத் தானே கட்டிக்கொள்ள உட்காருகிறவர் முதலில் மோதுவது இந்தச் சுவரில்தான்.

★

பாஸ் என்றதும் நம் கொடுவாயை நினைக்க வேண்டாம். இங்கே பேச்சு வட அமெரிக்க நன்னீர் மீனான பெரியவாய் பாஸ் பற்றியது. நீரில் மூழ்கிய மரம், தாமரை இலை, பாசிப் புதர் என்று எதற்காவது பின்னால் பதுங்கி நின்று பாய்ந்து கவ்வும் மீன். முள் ஏறியதும் அந்தப் புதருக்குள்ளேயே தலையை நுழைக்கப் பார்க்கும். ராடு எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்ற கேள்வி மீனின் எடையைவிட இந்தக் குணத்திலிருந்துதான் பிறக்கிறது.

★

ஒரு நிறுவனத்தின் ‘மீடியம் ஹெவி’ இன்னொரு நிறுவனத்தில் ‘ஹெவி’யாக இருக்கலாம். இதற்குப் பொது அளவுகோல் எதுவும் இல்லை. அதே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்குள்ளேயே ஒத்துப்போகாத கூத்தும் உண்டு.

★

இதைச் சகிக்க முடியாத வில்லியம் ஹானமன் என்ற அமெரிக்கர், ராடின் விறைப்பை ஒரு சென்ட் நாணயத்தால் அளக்க வழி கண்டுபிடித்தார். ராடின் அடியைக் கிடைமட்டமாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். நுனியில் ஒரு சிறு பையைக் கட்டி, அதில் காசுகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ராடின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு நுனி தாழ்ந்ததும் நிறுத்திவிட்டு எண்ண வேண்டியதுதான். 7 அடி ராடு என்றால் நுனி 28 அங்குலம் இறங்க வேண்டும். எத்தனை காசோ அத்தனை வலு. அந்த நிலையிலேயே நுனி கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்றும் பார்ப்பார்கள். கோணம் பெரிதாக இருந்தால் வளைவு நுனியோடு நிற்கிறது, அதாவது ஃபாஸ்ட். சிறிதாக இருந்தால் வளைவு நடுவரை இறங்குகிறது.

எடைக்கற்கள் இருக்கக் காசு எதற்கு? அமெரிக்க வீடு எதிலும் ஒரு டப்பா நிறையச் சென்ட் கிடக்கும், ஒவ்வொன்றும் 2.5 கிராம். கவனிக்க வேண்டியது ஒன்றே: 1982-இல் செம்பிலிருந்து துத்தநாகத்துக்கு மாறுவதற்கு முந்தைய காசுகள் 3.11 கிராம். இரண்டும் பையில் கலந்தால் கணக்கு கெட்டுவிடும். புழக்கத்துக்கான சென்ட் அச்சடிப்பதை அமெரிக்கா 2025 நவம்பரில் நிறுத்திவிட்டது. டப்பாவில் இருப்பவை போதும் என்பதால் ராடு கட்டுகிறவர்கள் கவலைப்படக் காரணமில்லை.

முதலில் ஈ வடிவத் தூண்டில் வீசும் ராடுகளுக்காகச் சொல்லப்பட்ட முறை இது. பாஸ் ராடுக்கும் அப்படியே பொருந்துகிறது. வளையமும் கைப்பிடியும் ஏறாத வெறும் கோலைப் பிளாங்க் என்பார்கள். இரண்டு பிளாங்கில் எதை வாங்குவது என்று தடுமாறுகிறவருக்கு, விளம்பர வாசகங்கள் நூறைவிட இந்தக் காசுப் பை அதிகம் சொல்லும் என்பது என் கட்சி.

★

ராடு கட்ட நினைப்பவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது பிளாங்க் அல்ல, லூர்.

லூர் என்பது போலி இரை. பிளாங்கின்மேல் ‘கால் முதல் முக்கால் அவுன்ஸ்’ என்று எழுதியிருந்தால் 7 முதல் 21 கிராம் வரை எறியலாம் என்று பொருள். ஓரத்து எண்களை அதிகம் நம்பக்கூடாது. நடுவில்தான் ராடு இயல்பாக வேலை செய்யும். இங்கே பலர் கோட்டைவிடுவது கூட்டல் கணக்கை. அரை அவுன்ஸ் ஜிக் என்பது ஈயத் தலையின் எடை மட்டும். அதன் வாலில் கோத்துவிடும் ரப்பர் நண்டு தனி எடை. இரண்டும் சேர்ந்து முக்கால் அவுன்சை நெருங்கிவிட்டால், அரை அவுன்சுக்கென்று வாங்கிய கோல் வீச்சின்போது தொளதொளவென்று ஆடும். லூர் முடிவானால் நரம்பு முடிவாகும், நரம்பு முடிவானால் ரீல், ரீல் முடிவானால் வளையங்களின் அளவும் இடமும். பிளாங்குக்கு இதற்கெல்லாம் பிறகுதான் வேலை வருகிறது. கடைக்குப் போனதும் நேரே பிளாங்க் அடுக்கைத் தடவிப் பார்ப்பவரைக் கண்டால் விற்பனையாளருக்குக் கொண்டாட்டம்.

★

ரீலின் பல்சக்கர விகிதம் மட்டும் தெரிந்தால் போதாது. 5.4-க்கு 1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை 5.4 சுற்று. உருளையில் நரம்பு நிறைந்திருக்கும்போது விட்டம் 34 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு உள்ளே வரும் நரம்பு சுமார் 58 சென்டிமீட்டர். அதே உருளையில் 8.1 விகிதம் என்றால் 87 சென்டிமீட்டர்.

இனி வேடிக்கை. தூரமாக வீசியபின் உருளையில் நரம்பு குறைந்து விட்டம் 28 மில்லிமீட்டருக்கு இறங்கினால், அதே 8.1 ரீல் 71 சென்டிமீட்டர்தான் இழுக்கும். பெட்டியில் போட்டிருக்கும் எண் நிறைந்த உருளைக்கு மட்டுமே உண்மை.

ஆழத்தில் மூழ்கி நடுங்கிக்கொண்டே வரும் பெரிய கிராங்க்பெய்ட் லூருக்குக் குறைந்த விகிதம் சுகம். நீர் எதிர்த்து இழுக்கும்போது கை நோகாது. ஜிக்குக்கும் ரப்பர் புழுவுக்கும் நேர்மாறு. லூரை அசைப்பது ராடு, ரீலுக்கு வேலை தொய்ந்த நரம்பைச் சுருட்டுவது. கவ்விய மீன் நம்மை நோக்கியே நீந்தி வந்தால் மெதுவான ரீலைச் சுற்றிச் சுற்றியே மீனை விட்டுவிடுவோம்.

★

நுனி கனக்கும் ராடை எடையான ரீல் போட்டுச் சமன் செய்யலாம் என்பது கடைத்தெரு வேதம். ராடின்மேல் உட்காரும் பெய்ட்காஸ்டர் ரீலில் இது ஏறக்குறையப் பலிக்காது. காரணம் பள்ளிக்கூட நெம்புகோல் பாடம்: அந்த ரீலை உள்ளங்கைக்குள் பொத்தித்தான் பிடிக்கிறோம். கைதான் ஆதாரப் புள்ளி. ஆதாரப் புள்ளியின்மேல் 200 கிராம் வைத்தாலும் 150 கிராம் வைத்தாலும் நுனி தாழ்வது தாழ்ந்தபடியே இருக்கும், கை சுமக்கும் மொத்த எடை மட்டும் ஏறும்.

7 அடி ராடில் கைக்கும் நுனிக்கும் 188 சென்டிமீட்டர், கைக்கும் அடிப்பாகத்துக்கும் 25 சென்டிமீட்டர் என்று கொள்வோம். நுனியில் ஒரு கிராம் கூடினால் அதை ஈடுகட்ட அடியில் ஏழரை கிராம் வைக்க வேண்டும். இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் காசை நுனிப் பக்கத்து வளையங்களில் கொட்டுகிறார்கள். டைட்டானியம் சட்டம், குட்டி வளையம், ஒற்றைக் கால், மெல்லிய நூல், மெல்லிய பூச்சு என்று எல்லாமே அந்தக் கடைசி இரண்டடிக்காக. கைப்பிடிக்குக் கார்பன், ரீல் சீட்டுக்குத் தங்க முலாம் என்று செலவழிப்பது கண்ணுக்கு அழகு. ராடுக்கு அதனால் ஆகப்போவது கொஞ்சம்தான்.

★

மூங்கில் ராடுகளின் உயிர், சீனாவின் குவாங்டாங் பகுதியில் விளையும் டோங்கின் மூங்கில். 1950 டிசம்பரில் அமெரிக்கா சீனச் சரக்குகளுக்குத் தடை போட்டதும் அது நின்றுபோனது. அதற்குள் கண்ணாடி இழை தயாராக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஆர்தர் ஹோவால்ட் என்ற வேதியியலாளர், தன் மூங்கில் நுனி உடைந்து மாற்று கிடைக்காததால் கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துத் தானே ஒன்று செய்துகொண்டார். ஷேக்ஸ்பியர் என்ற நிறுவனம் அதையே வொண்டர்ராடு என்ற பெயரில் விற்றது. நாடகாசிரியருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

1970-களில் ஃபென்விக் நிறுவனம் கார்பன் ராடைக் கொண்டுவந்ததும் கண்ணாடி இழைக்கு மவுசு போனது. போன சரக்கு கிராங்க்பெய்ட்டுக்காகத் திரும்பி வந்திருப்பதுதான் சுவை. மும்முனை முள் தொங்கும் லூரை மீன் வாயில் வாங்கி மூடுவதற்கு ஒரு கணம் வேண்டும். சுறுசுறுப்பான கார்பன் ராடு அந்தக் கணத்துக்குள் வெடுக்கென்று பிடுங்கிவிடும். சோம்பேறிக் கண்ணாடி இழை சற்றுத் தாமதிக்கும், மீன் துள்ளும்போதும் வளைந்து கொடுக்கும். சின்ன முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியேறாது. கார்பனும் கண்ணாடியும் கலந்த பிளாங்க்குகளும் உண்டு. என்னைக் கேட்டால் முதன்முதலாகக் கட்டுகிறவர் கண்ணாடி இழைக் கிராங்க்பெய்ட் ராடிலிருந்து தொடங்கலாம். விலை குறைவு, அடி தாங்கும், சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்.

★

கார்பனில் ‘மாடுலஸ்’ எண், அதாவது இழையின் விறைப்பு, கூடக் கூட ராடு நல்லது என்று நினைப்பவர் பலர். எண் கூடினால் அதே விறைப்பைக் குறைந்த இழையில் பெறலாம், எனவே ராடு இலேசாகும். கோலின் சுவரும் மெலியும். படகின் ஓரத்தில் ஒரு தட்டு, ஈயக் குண்டு பட்டு ஒரு கீறல் போதும், என்றைக்கோ ஒருநாள் அந்த இடத்தில் படாரென்று போகும்.

★

பிளாங்க் எப்படிப் பிறக்கிறது? பிசின் ஊறிய கார்பன் தாளை எஃகுக் கம்பியின்மேல் சுருட்டி, நாடாவால் இறுக்கிச் சுற்றி, அடுப்பில் வேகவைத்து, கம்பியை உருவி எடுக்கிறார்கள். தாள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் ஒரு பக்கம் சற்றே விறைப்பாக இருக்கும். இதற்கு ‘முதுகெலும்பு’ என்று பெயர்.

அந்த முதுகெலும்பைக் கண்டுபிடித்து வளையங்களை அதற்கு நேராகக் கட்டாவிட்டால் மீன் இழுக்கும்போது ராடு முறுக்கிக்கொள்ளும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். உண்மையில் முறுக்குவது வளையங்கள் இருக்கும் பக்கம். பெய்ட்காஸ்டர் ராடில் ரீலும் வளையங்களும் மேலே. நரம்பில் இழுவை வந்ததும் வளையங்கள் கீழ்ப்பக்கம் புரண்டுவரத் துடிக்கும். முதுகெலும்பை எங்கே வைத்தாலும் இது நிற்காது. ரீல் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ராடில் வளையங்களும் ஏற்கெனவே கீழே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. இன்று பல கைவினைஞர்கள் முதுகெலும்பை மறந்துவிட்டு, பிளாங்க் கண்ணுக்கு எந்தப் பக்கம் நேராகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் கட்டுகிறார்கள்.

முறுக்கலை அறவே ஒழிக்க ஒரு வழி உண்டு. ரீலுக்கு அடுத்த வளையத்தை மேலே வைத்து, அடுத்தடுத்த வளையங்களைக் கொடி சுற்றுவதுபோலப் பக்கவாட்டில் இறக்கி, மிச்சத்தையெல்லாம் கீழ்ப்பக்கம் கட்டிவிடுவது. ‘சுருள் கட்டு’ என்பார்கள். வீச்சுத் தூரம் குறையாது. கடைகளில் இந்த ராடு அரிது. பார்ப்பவர்கள் “கோணலாகக் கட்டியிருக்கிறதே” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் வியாபாரிகளுக்கு. சொந்தமாகக் கட்டுகிறவருக்கு அந்தப் பயம் ஏன்?

★

ஸ்பின்னிங் ரீலை வாங்காமல் ஸ்பின்னிங் ராடைக் கட்டி முடிக்காதீர்கள். அந்த ரீலிலிருந்து நரம்பு பெரிய பெரிய சுருள்களாகக் கழன்று வரும்; அதை அடக்கி ஒற்றைக் கோடாக்குவது முதல் சில வளையங்களின் வேலை. ரீலை ராடில் மாட்டி, அதன் உருளையின் மைய அச்சை நேர்கோடாக முன்னே நீட்டிப் பாருங்கள். அந்தக் கோடு பிளாங்கை எங்கே தொடுகிறதோ அங்கே சுருள் அடங்கி முடிய வேண்டும். சில ரீல்களின் அச்சு மேல்நோக்கி அதிகம் சாய்ந்திருக்கும், சிலவற்றில் குறைவு. ரீல் மாறினால் இடமும் மாறும். ஆயத்த ராடு எல்லா ரீலுக்கும் பொதுவாகக் கட்டியது. இந்த ஒரு விஷயத்தில் கைக்கட்டு ராடை அது எட்டவே முடியாது.

★

வளையங்கள் எத்தனை? அடிக்கு ஒன்று, மேலே ஒன்று என்று தொடங்கலாம். பிறகு ஒட்டுநாடாவால் தற்காலிகமாக ஒட்டி, நரம்பைக் கோத்து, ராடை நன்றாக வளைத்துப் பாருங்கள். கோலின் வளைவை நரம்பு அழகாகத் தொடர வேண்டும். இரண்டு வளையங்களுக்கு நடுவில் நரம்பு நாண்போல நேராக ஓடினால் அங்கே இன்னொன்று தேவை.

குட்டி வளையம் மோகத்தில் ஒரு எச்சரிக்கை: 4 என்று போட்டிருப்பது வளையத்தின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில். உள்ளே ஓட்டை அதைவிடச் சிறிது. பின்னல் நரம்போடு ஃபுளோரோகார்பன் நரம்பை முடிச்சுப் போடும் பழக்கம் உள்ளவர்கள், கட்டுவதற்கு முன் அந்த முடிச்சை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்துவிடட்டும்.

நுனி வளையத்தின் குழாய்க்கு மட்டும் இன்றும் அங்குலத்தின் 64-இல் ஒரு பங்குதான் அளவு. 5 என்றால் 64-இல் 5, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அதை ஒட்ட எபாக்சிப் பிசின் வேண்டாம், சூட்டில் உருகும் பசை போதும். நாளை உடைந்தால் தீக்குச்சியைக் காட்டிக் கழற்றலாம்.

★

வளையங்களைக் கட்ட ஆசை ஆசையாக வாங்கிய சிவப்பு நைலான் நூல், மேலே பூசும் எபாக்சி பட்டதும் கறுத்துக் கண்ணாடிபோல் ஆகிவிடும். அடியிலிருக்கும் வளையக் கால் பல்லிளிக்கும். நிறம் நிற்க வேண்டுமானால் முதலில் அதற்கென்ற நிறக்காப்புத் திரவத்தைப் பூச வேண்டும், அல்லது நிறம் மாறாத வகை நூலை வாங்க வேண்டும். பூசியபின் எபாக்சி ஒரு பக்கமாக வழியாதிருக்க, சிறு மோட்டாரில் மாட்டி, நிமிடத்துக்குச் சில சுற்று வேகத்தில் மணிக்கணக்காக ராடைச் சுழலவிடுவார்கள். குமிழிகளை வெளியேற்ற ஸ்பிரிட் விளக்கின் சுடரை மேலோட்டமாகக் காட்டினால் போதும்.

★

கைப்பிடித் தக்கையில் பெரும்பகுதி போர்ச்சுகல் சரக்கு. தக்கை தரும் ஓக் மரத்துக்கு 25 வயதானபின்தான் முதல் முறை பட்டை உரிப்பார்கள். அடுத்த உரிப்புக்கு 9 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

★

பாஸ் ராடு ஏன் ஏழரை அடி வாக்கில் நிற்கிறது? கலிஃபோர்னியாவின் டீ தாமஸ் என்ற போட்டியாளர் 12 அடி ராடோடு வந்து, புதர்களுக்குள் லூரை வீசாமல் மெல்ல இறக்கி, மற்றவர்கள் தொட முடியாத மீன்களை அள்ளினார். போட்டி நடத்துகிறவர்கள் நீளத்துக்கு வரம்பு கட்டினார்கள். அதற்குள் அடங்கும்படி ஃபென்விக் ஏழரை அடி ‘ஃபிளிப்பிங் ஸ்டிக்’ செய்தது. 1975-இல் அர்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரியில் தாமஸ் வென்றதும் அந்த உத்தி நாடெங்கும் பரவியது. ஏழரை அடி என்பது போட்டி விதி தந்த நீளம். எனவே உங்கள் ராடின் நீளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் உயரத்தைக் கேளுங்கள். ராடின் நுனியைக் கீழே சாய்த்து வெட்டி வெட்டி இழுக்கும் ஜெர்க்பெய்ட் லூருக்கு, ஐந்தரை அடி ஆள் ஏழரை அடி ராடு பிடித்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் நுனி தண்ணீரை அறையும்.

★

உலகச் சாதனைப் பாஸ் இரண்டு பேருக்குச் சொந்தம். 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவின் மான்ட்காமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதைவிட ஒரு அவுன்சுக்குச் சற்றுக் குறைவாகவே அதிகம். பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸாவது கூட வேண்டும் என்பது விதி, ஆகவே சமன். குரிட்டாவை உண்மை கண்டறியும் கருவிச் சோதனைக்கும் உட்படுத்தினார்கள். ஜப்பானுக்கு இந்த மீன் 1925-இல் ஆஷி ஏரி வழியாக வந்தது. இன்று அங்கே அது நாட்டு மீன்களைத் தின்னும் அந்நிய இனம். உயிரோடு எடுத்துச்செல்லவே தடை. உலகின் சிறந்த ரீல்களும் வளையங்களும் பல அங்கிருந்தே வருகின்றன என்பது தனிக் கதை.

★

ஷிமானோ நிறுவனத்தின் சில பெய்ட்காஸ்டர் ரீல்களுக்குள் ஒரு கணினிச் சில்லு இருக்கிறது, பேட்டரி இல்லை. வீசும்போது சுழலும் உருளையே மின்சாரம் உண்டாக்கிக்கொள்கிறது. சில்லு அந்த மின்சாரத்தில் விழித்து, உருளை நரம்பை முந்திக்கொண்டு ஓடிச் சிக்கலாகாதபடி நொடிக்குள் பலமுறை தடையைக் கூட்டிக் குறைக்கிறது.

★

அமெரிக்காவில் ராடு கட்டி விற்றால் மத்திய அரசுக்குக் கலால் வரி கட்ட வேண்டும். 1950-ஆம் ஆண்டின் டிங்கல்-ஜான்சன் சட்டப்படி தூண்டில் சாமான்களுக்கு 10 சதவீதம். ராடு ஒன்றுக்கு 10 டாலருக்கு மேல் போகாது. பெரிய ஆலைக்கு மட்டுமல்ல, கார் நிறுத்தும் கொட்டகையில் இரண்டு மூன்று ராடு கட்டி அக்கம்பக்கத்தில் விற்பவருக்கும் இது பொருந்தும். வசூலாகும் பணம் மீன்வளத்தைப் பேண மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது.